இடது கீழ் மூலை

எக்ஸ்ரே படிப்பறையைத் திறந்ததும் பூவரசன் செய்யும் முதல் வேலை மேடத்தை ஆன் செய்வது. அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "மேடம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் பயிற்சி மருத்துவர்கள் உள்ளே வருவார்கள். அதில் கேலி இல்லை. பழகிவிட்டது. அவனுக்கும் பழகிவிட்டது.

மேடம் என்பது ஒரு வெளிச்சம். ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், வெளிர்மஞ்சள் நிறத்தில். ஒரு குழந்தையின் எக்ஸ்ரேயைத் திரையில் திறந்தால் அது படத்தின் மேல் தோன்றி நகர ஆரம்பிக்கும். முதலில் மேல் ஓரத்தில் இருக்கும் பெயருக்குப் போகும். பெயரிலிருந்து வயதுக்கு. வயதில் சற்று நின்றுவிட்டுத்தான் படத்துக்குள் இறங்கும். இதயத்தைச் சுற்றி வரும். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். சந்தேகம் வந்தால் திரும்பி வந்து பார்க்கும்.

அது சங்கமித்ராவின் பார்வை. ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைகளின் படங்களை மட்டும் படித்த டாக்டர். பூவரசனின் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

கோவையின் அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் கதிரியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது பூவரசனின் வேலை. திரைகளுக்குக் கீழே சிறிய கேமராக்கள் இருந்தன. படிக்கிறவரின் கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது களைக்கிறது என்று பார்க்க நிர்வாகம் ஒரு காலத்தில் வைத்தவை. யாரும் அந்தப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்ததில்லை. சங்கமித்ரா போன பிறகு குழந்தைகளின் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று துறைத்தலைவர் அர்த்தநாரி ஒருவர்தான் மிஞ்சினார். அப்போதுதான் பூவரசன் அந்த வெளிச்சத்துக்கான நிரலை எழுதினான். அவள் கண் போன வழிகளையெல்லாம் சேர்த்து, புதிதாக ஒரு படத்தைக் கொடுத்தால் அவள் அதை எப்படிப் பார்த்திருப்பாள் என்று காட்டும்படி. துக்கத்துக்கு ஒரு வேலை தேடிக்கொண்டான் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் ஏதாவது ஒரு படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவான். வெளிச்சம் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதாகப் பெயர். ஆறு வருடம் அவள் எதையெல்லாம் பார்த்தாள் என்பது வினாடி வினாடியாக அவனிடம் இருந்தது. எல்லாம் அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளின் எலும்பும் நுரையீரலும். அவனைப் பார்த்ததற்குப் பதிவு எதுவும் இல்லை.

அன்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் வந்திருந்தான். பெரியவர்களின் எக்ஸ்ரேக்களை இரண்டு வருடம் படித்தவன். இந்த மஞ்சள் பொட்டு எதற்கு, கண்ணுக்குத் தொந்தரவாக இல்லையா என்று கேட்டான். ஃபர்சானா அவனுக்கு விளக்கினாள். அவள் இரண்டாம் வருடப் பயிற்சி மருத்துவர். பொள்ளாச்சிக்காரி. வாய் ஓயாது.

"நான் வந்த மொத வாரம் ஒரு பையனோட மணிக்கட்டுல எலும்பு முறிவுன்னு எழுதுனேன். மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. முறிவே இல்லைங்க. எலும்பு வளர்ற எடத்துல ஒரு கோடு இருக்குமில்ல, அது. பெரியவங்களுக்கு அந்தக் கோடு மூடிரும். குழந்தைக்குத் தொறந்துதான் இருக்கும். அதுக்கப்புறம் பூவரசண்ணன் எனக்கு மேடத்தைப் போட்டுக் குடுத்தாரு. மேடம் அந்தக் கோட்டு மேல நிக்கவே இல்லை, சும்மா தாண்டிப் போச்சு. அன்னிக்குத்தான் வெளங்குச்சு. எங்க நிக்கணும்கறதைவிட எங்க நிக்கக் கூடாதுன்னு தெரியணும்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று புதியவன் கேட்டான்.

ஃபர்சானா பூவரசனைப் பார்த்தாள். பூவரசன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து ஒரு வயரைச் சரிசெய்தான். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

*

சுகந்தி என்ற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வாரத்தில்தான். அன்னூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறவள். மகள் தன்யஸ்ரீக்கு ஆறு வயது. ஜூனில் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள் என்று கூட்டிவந்திருந்தார்கள். அப்போது எடுத்த எக்ஸ்ரேயை ஃபர்சானா படித்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினாள். இப்போது செப்டம்பர். பாப்பாவால் நிற்கவே முடியவில்லை.

அர்த்தநாரி பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஃபர்சானாவைக் கூப்பிட்டார். திரையில் ஏதோ கோளாறு என்று பூவரசனையும் அப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அவனும் அங்கே இருந்தான்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போவது நின்று, அது கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கித் தட்டையாகிக்கொண்டிருந்தது. புதிய படத்தில் யாருக்கும் தெரியும். பழைய படத்தில் மெல்லிய பிறைபோல ஒரு கீற்று மட்டும் இருந்தது. அன்றைக்கே பிடித்திருந்தால் காலை அசைக்காமல் வைத்து எலும்பைக் காப்பாற்றியிருக்கலாம். அர்த்தநாரி இதைச் சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஃபர்சானாவின் முகத்தில் இருந்தது.

சுகந்தி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனாலும் திட்டு வாங்குகிறவள் போலவே உட்கார்ந்திருந்தாள்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு வந்துச்சுங்க. அப்பறமும் கால் வலிக்குது, பள்ளிக்கூடம் போகலைன்னு அழுதாளுங்க. நடிக்கறாள்னு நெனைச்சுட்டேன். அடிச்சுத்தானுங்க அனுப்புனேன். தெனமும்."

பாப்பா அம்மாவின் மடியில் இருந்தது. தன்னைப் பற்றிய பேச்சு என்று அதற்குத் தெரிந்திருந்தது. சுவரில் இருந்த யானைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஃபர்சானா பூவரசனின் பின்னாலேயே வந்தாள். மேடம் அங்கே போகவில்லை என்றாள். தான் சோம்பலாகப் பார்க்கவில்லை, மேடம் போன இடத்துக்கெல்லாம் போனதாகவும் மேடம் போகாத இடத்துக்குப் போகத் தோன்றவில்லை என்றும் சொன்னாள்.

"மேடம் வழி காட்டத்தான். கண்ணு உங்களோடது," என்றான் பூவரசன்.

சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தெரிந்தது. திருப்பி வாங்கவும் முடியவில்லை. ஃபர்சானா வழக்கம்போல வாயாடவில்லை. "போட்டுப் பாருங்கண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டுப் பார்த்தான். ஜூன் மாதப் படம். வெளிச்சம் பெயருக்குப் போனது, வயதுக்குப் போனது. முதுகெலும்பில் இறங்கியது. திரையின் வலது கீழ்ப்பக்கத்தில் இருந்த மூட்டைச் சுற்றியது. அது குழந்தையின் இடது இடுப்பு. படத்தில் குழந்தை நம்மைப் பார்த்து நிற்பதாகக் கணக்கு. அதன் இடது நமக்கு வலது. அங்கே நன்றாக நின்று பார்த்தது. பிறகு நடுவுக்கு வந்தது. இடது கீழ் மூலைக்கு, பிறை இருந்த மூட்டுக்கு, இப்போது போகும் என்று பூவரசன் காத்திருந்தான். வெளிச்சம் படத்தை விட்டு வெளியேறி அணைந்தது.

மறுபடி போட்டான். மறுபடியும் அதே.

*

ஞாயிற்றுக்கிழமை துறையில் ஆள் நடமாட்டம் குறைவு. பூவரசன் காலையிலேயே வந்து உட்கார்ந்தான். சங்கமித்ராவின் ஆறு வருடப் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்தான். ஒவ்வொரு மாதமும் அவள் கண் திரையில் எங்கெல்லாம் போனது என்பதை ஒரே படமாகப் போட்டுப் பார்த்தான். கண் போன இடம் மஞ்சளாகத் தெரியும். போகாத இடம் கறுப்பு.

ஐந்து வருடத்துக்குமேல் திரை முழுக்க மஞ்சள். கடைசி வருடத்தின் அக்டோபரில் இடது கீழ் மூலையில் ஒரு கறை விழுந்தது. நவம்பரில் அது பெரிதானது. ஜனவரியில் ஒரு கால் பங்குத் திரை கறுப்பாக இருந்தது.

அவள் பிப்ரவரியில்தான் விழுந்தாள். வீட்டில், குளித்துவிட்டு வரும்போது. அதுதான் தொடக்கம் என்று அவன் நினைத்திருந்தான். மூளையின் வலது பின்புறத்தில் கட்டி. அந்த இடம் கெட்டால் இடது பக்கம் பார்வை போகும். இருட்டாகத் தெரியாதாம். அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்குமாம். இதையெல்லாம் பிறகு டாக்டர்கள் அவனுக்குச் சொன்னார்கள். ஜூலையில் எல்லாம் முடிந்தது.

வெளிச்சத்தை எழுதியபோது கடைசி வருடப் பதிவுகளுக்குத்தான் அவன் அதிக மதிப்புக் கொடுத்திருந்தான். வருடம் ஏற ஏறப் பார்வையும் தேறும் அல்லவா. கடைசியாகப் பார்த்ததுதான் சிறந்த பார்வையாக இருக்கும் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அப்படித்தான் அந்த மூலை வெளிச்சத்துக்குள் போனது. அதிலிருந்து ஃபர்சானாவுக்குள். மற்ற ஐந்து பேருக்குள்ளும்.

சரிசெய்வது சுலபம். கெட்டுப்போன மாதங்களை எடுத்துவிட்டு வெளிச்சத்தைத் திரும்ப ஓட்டினால் போதும். அரை நாள் வேலை. திங்கட்கிழமை காலை மேடம் வழக்கம்போல வரும். மூலைக்கும் போகும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

வெளியே சொன்னால் நடப்பது வேறு. கணினிக்கு எதிலிருந்து கற்றுக்கொடுத்தோமோ அதில் பழுது தெரிந்தால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. அதை எழுதிக்கொடுத்த குழுவில் அவனும் இருந்தான். வெளிச்சம் போய்விடும். காலையில் அந்த நாற்காலியில் ஒன்றும் இருக்காது. டாக்டர் சங்கமித்ரா பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு குழந்தைகளின் படத்தைப் படித்தாள் என்ற பேச்சு மட்டும் இருக்கும்.

கெட்ட மாதங்களை எடுக்கலாம் என்று ஆரம்பித்தான். அப்போது கழிவுக் கோப்புகள் கண்ணில் பட்டன.

வெளிச்சத்துக்குத் தகுதியில்லாதவை என்று கணினி தானாகத் தள்ளிய பதிவுகள் அவை. என்னவெல்லாம் தள்ள வேண்டும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். பெரியவர்களின் படங்கள் ஒன்று. இடம் வலமாகத் திருப்பப்பட்ட படங்கள் இன்னொன்று. எக்ஸ்ரே படிக்கிறவர்களுக்குப் படத்தைத் திருப்புவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. இடது கைக்குப் பதில் வலது கையை அறுத்த கதைகளெல்லாம் அதிலிருந்து வந்தவை. யாராவது தவறிப்போய்த் திருப்பியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வைத்திருந்தான். எப்போதாவது ஒன்றிரண்டு விழும் என்று நினைத்தது.

கழிவு நிறைந்து கிடந்தது. எல்லாம் சங்கமித்ராவின் லாகினில். எல்லாம் நவம்பர் கடைசியிலிருந்து. எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

ஒன்றைத் திறந்தான். காலையில் அவள் ஏற்கெனவே படித்து ரிப்போர்ட் எழுதிய படம். மதியம் மறுபடி திறந்து, இடம் வலமாகத் திருப்பி, முதலிலிருந்து படித்திருந்தாள். திருப்பினால் இடது மூலை வலது பக்கம் வரும். அவளுக்குத் தெரிகிற பக்கம். அந்த மூலையில் வெளிச்சம் நெடுநேரம் நின்றது. அடுத்ததிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். செப்டம்பர் வரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பழைய படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருந்தாள். விட்டுப்போனது கிடைத்த இடங்களில் ரிப்போர்ட்டில் திருத்தம் ஏறியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ஒரே வரி. 'பெற்றோரிடம் நானே போனில் சொன்னேன்.'

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பூவரசன் கேண்டீனில் தனியாகத்தான் சாப்பிட்டான். "நீங்க சாப்பிடுங்க, நான் வர்றேன்" என்பாள். வரமாட்டாள். அவனுக்குக் கோபம். கல்யாணம் ஆகி நாலு வருடத்தில் சலித்துவிட்டது என்று நினைத்தான். அதை ஒருநாள் சொல்லியும் காட்டினான். அவள் சிரித்தாள். அவன் முகத்தைக் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அது புதிய பழக்கம். அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெரியவர்களின் படம் என்று தள்ளப்பட்டதில் ஒன்றே ஒன்று இருந்தது. நவம்பர் கடைசி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்ட்' என்று போட்டிருந்தது. தலை ஸ்கேன். அவர்களுடைய மெஷினிலேயே எடுத்தது.

அவன் கை மவுஸை விட்டு வந்தது. பிறகு ஓடவிட்டான்.

வெளிச்சம் பெயருக்குப் போனது. வயதுக்குப் போனது. மூளையின் வலது பின்புறத்துக்கு, திரையில் அவள் கண் போகாத அதே மூலைக்கு, தேடிப் போய் நின்றது. ரொம்ப நேரம் இல்லை. ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்று பயிற்சி மருத்துவர்களிடம் அவள் தினமும் சொல்வாள். ஒன்று கிடைத்த சந்தோஷத்தில்தான் இரண்டாவதை விடுவோம் என்பாள். வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியது. நெற்றிப் பக்கம், இடது பக்கம், கண் குழிகள், காது எலும்புகள், கழுத்தின் தொடக்கம் என்று ஒன்று விடாமல் சுற்றி வந்தது. எந்தக் குழந்தையின் தலையைப் பார்த்தாலும் சுற்றுகிற அதே வரிசை, அதே வேகம். முடித்துவிட்டு வெளியேறியது. பிறகு படம் இடம் வலமாகத் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து.

நவம்பரில் அவளுக்குத் தெரியும். அவனுக்குப் பிப்ரவரியில் தெரிந்தது. நடுவில் இருந்த நாட்களை அவன் எண்ணவில்லை.

*

திங்கட்கிழமை காலை அவன் மேடத்தை ஆன் செய்யவில்லை. அர்த்தநாரியின் அறைக்குப் போனான்.

முந்தைய நாள் மாலை வரைக்கும் அவன் முடிவுக்கு வந்திருக்கவில்லை. வெளிச்சத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். கழிவில் கிடந்த திருப்பிய பார்வைகளையும் சேர்த்துக்கொண்டால் அது முன்னைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வெளிச்சத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆறு பேர் ஒன்றரை வருடமாக எழுதிய ரிப்போர்ட்டுகள் வீடுகளில் இருந்தன. அவற்றில் எத்தனையில் அந்த மூலை விட்டுப்போனதோ. ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்த காகிதத்தை நம்பி எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் குழந்தையை அடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்களோ. சொல்லாமல் அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அர்த்தநாரி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். மாதவாரிப் படங்களைப் பார்த்தார். தலை ஸ்கேனை அவரே ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நவம்பர்ல எங்கிட்ட வந்து, இனிமே என் படத்தையெல்லாம் இன்னொருத்தரும் ஒரு தடவை பாக்கட்டுமானு கேட்டா. நம்மகிட்ட ஆளு எங்கம்மா இருக்குதுன்னேன். சரீங்க சார்னு போயிட்டா."

ஸ்கேனை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"ஆளு இல்லைன்னதும் அவளே இன்னொரு ஆளாயிட்டா போல," என்றார்.

ஃபர்சானாவைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் அழுவாள் என்று பூவரசன் எதிர்பார்த்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சேவா? தெரிஞ்சே படிச்சாங்களா?"

சங்கமித்ரா படம் பார்த்த குழந்தைகளில் ஒருவருக்கும் கெடுதல் நடக்கவில்லை, எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துத் திருத்தியிருக்கிறாள் என்று அர்த்தநாரி சொன்னார். வெளிச்சம் என்ற ஒன்று வரப்போவது அப்போது யாருக்கும் தெரியாது. கணினி அவளுடைய முதல் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் குப்பையில் போட்டுவிட்டது.

"சரீங்க சார். இருந்தாலும் சொல்லியிருக்கணும். ஒருநாள் அவங்களுக்கு மயக்கம் வந்து மதியம் உக்கார முடியாமப் போயிருந்தா? அன்னிக்குக் காலைல படிச்ச கொழந்தைக?" அவள் பூவரசன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும்ல அண்ணா."

"ஆமா," என்றான் பூவரசன்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளைப் படிக்கவிடாமல் வீட்டில் உட்காரவைத்திருப்பான். அது அவளுக்குத் தெரியும். அவனிடம் சொல்லாததற்கு அவ்வளவுதான் காரணமா, இல்லை வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்க ஆள் இல்லை.

வெளிச்சத்தை நிறுத்துவது என்று முடிவானது. திருப்பிய பார்வைகளையும் சேர்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று பூவரசன் ஒரே ஒரு முறை கேட்டான். அர்த்தநாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நோய் எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியும், கறை தெரிய ஆரம்பித்தது அக்டோபரில், அதற்கு எவ்வளவு முன்னால் அது உள்ளே இருந்ததோ என்றார். பூவரசன் அதற்குமேல் கேட்கவில்லை.

*

பழைய படங்களையெல்லாம் எடுத்து ஆறு பேரும் மறுபடி படித்தார்கள். பெரும்பாலானவற்றில் எழுதியது சரியாகவே இருந்தது. சிலவற்றில் இல்லை. மாற்றம் இருந்தால் செய்தி அனுப்பக் கூடாது, முதலில் எழுதினவரே பெற்றோருக்குப் போன் செய்து பேச வேண்டும் என்று அர்த்தநாரி சொல்லிவிட்டார். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. பூவரசனுக்குத் தெரியும்.

ஃபர்சானா சுகந்திக்குப் போன் செய்தபோது அவன் பக்கத்து மேசையில் இருந்தான். தன்யஸ்ரீயின் சிகிச்சை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. சொல்ல வேண்டிய புதிய விஷயம் எதுவும் இல்லை. ஆனாலும் செய்தாள். ஜூன் மாதப் படத்திலேயே அது இருந்தது, படித்தது நான்தான், பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னாள். வாயாடி பேசிய பேச்சாகவே இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம்போல ஏதோ ஒன்று மட்டும் கேட்டது. ஃபர்சானா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தியிருந்தாள்.

"பாப்பாகிட்ட நீங்களே அதைச் சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள் சுகந்தி. "அவ நடிக்கலைன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. என்ரகூட அவ பேசறதே இல்லைங்க."

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"தன்யா, நான் எக்ஸ்ரே டாக்டர். உனக்குக் கால் வலிச்சது நெசம். நான்தான் சரியாப் பாக்கலை. உங்கம்மாகிட்ட நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீ பொய் சொல்லலை."

பிறகு சின்னக் குரல், "அப்ப அம்மா?" என்றது.

"அம்மாவும் பொய் சொல்லலை. அம்மா நான் சொன்னதை நம்புனாங்க."

பாப்பா யோசித்தது. சரி என்றது. போனை அம்மாவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டது.

ஃபர்சானா எழுந்து முகம் கழுவப் போனாள். பூவரசன் அடுத்த படத்தை அவளுடைய திரையில் ஏற்றிவைத்தான்.

*

படங்கள் குழந்தைகளுடையவை. மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் பார்வை மட்டும் யாருடையது என்று அர்த்தநாரி ஒருநாள் கேட்டார். பதிலை அவரே சொன்னார். "அதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க பூவரசு. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

எடுத்துக்கொண்டு போனான். ஒரு விடுமுறை நாள் பகலில் மடிக்கணினியில் போட்டான். கறுப்புத் திரை. மஞ்சள் பொட்டு வந்தது. மேல் ஓரத்துக்குப் போனது. அங்கே பெயர் இல்லை. கொஞ்சம் நகர்ந்தது, வயது இல்லை. கீழே இறங்கி எதையோ சுற்றியது. ஒரு இடத்தில் நின்றது. திரும்பிவந்து மறுபடி நின்றது. என்னத்தைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று அவளைப் பிடித்து நிறுத்துகிறது என்பது மட்டும் தெரிந்தது. கேண்டீனில் எதிரே உட்கார்ந்து அவள் வேறு ஏதோ யோசனையில் இருந்த நாட்கள்போல இருந்தது. அவன் மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு போடவில்லை. அழிக்கவும் இல்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் துறை புதிதாக ஒரு வெளிச்சத்தைத் தயார்செய்தது. இந்த முறை ஒருவருடையது இல்லை. அர்த்தநாரியும், புதியவனையும் சேர்த்துப் பயிற்சி மருத்துவர்கள் ஏழு பேரும் படித்த படங்களிலிருந்து சேர்த்தது. எழுதியது பூவரசன்தான். பெரிய வேலையாக இல்லை. நிறம் மட்டும் மாற்றினான். வெள்ளை.

முதல் நாள் அந்தப் புதியவன்தான் முன்னால் உட்கார்ந்திருந்தான். இப்போது அவ்வளவு புதியவன் இல்லை. ஃபர்சானா நாற்காலியின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூவரசன் ஒரு கைக்குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயைத் திறந்து வெளிச்சத்தை ஓடவிட்டான்.

அது பெயருக்குப் போகவில்லை. வயதுக்கும் போகவில்லை. நேராக இடது கீழ் மூலைக்குப் போய் நின்றது.

அந்த மூலையில் குழந்தையின் வலது விலாவின் கடைசி எலும்பும் அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறமும்தான் இருந்தன. எலும்பு நன்றாக இருந்தது. வெளிச்சம் அங்கேயே இருந்தது. ஏழு பேரும் எல்லாப் படத்திலும் முதலில் அங்கேதான் போயிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்தது இல்லை.

"அங்க என்னண்ணா இருக்குது? கேமரா ஏதாவது தப்பாக் காட்டுதா?" என்று புதியவன் திரும்பிக் கேட்டான். அவனும் அப்படித்தான் பார்த்திருந்தான். அவனுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஃபர்சானா வாயைத் திறந்தாள். பிறகு பூவரசனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சரிசெய்யலாம். ஒரு வரி எழுதினால் போதும், வெளிச்சம் பெயரிலிருந்து ஆரம்பிக்கும். பூவரசன் விசைப்பலகையில் கை வைத்தான். வைத்த கையை எடுத்தான்.

"ஒண்ணுமில்லை," என்றான். "பாத்துட்டு வந்துரும்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.